வெள்ளிக்கிழமை மேஜர்

மேஜர் வீட்டுக் கூடத்து ஜன்னல் திரைகள் எந்தக் காற்றுக்கும் பறக்காது. மொத்தம் இரண்டு திரைகள். ஒவ்வொன்றின் அடிமடிப்புக்குள்ளும் மூன்று வெள்ளிப் பதக்கங்கள் இருந்தன. மேஜரின் அம்மா தையல்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து டிராயரைத் திறந்து, பதக்கங்களின் நாடாவைக் கத்தரித்து எடுத்துவிட்டு, ஆறையும் மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டார்.

"என்னம்மா இது, ராணுவத்துல குடுத்த பதக்கம்."

"டிராயருக்குள்ள படுத்துத் தூங்கிட்டிருந்துச்சு. இங்க ஒரு வேலையாவது பார்க்கட்டும்."

ஆறும் வாள்வீச்சில் கிடைத்தவை. முப்படைக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிற போட்டியில் மேஜர் ஆறு தடவை இறுதிச் சுற்றுக்குப் போயிருக்கிறார். ஆறு தடவையும் இரண்டாவதாக வந்தார். ஒரு முறை வந்தால் பெருமை, இரண்டு முறை வந்தால் திறமை. நாலைந்து முறை வந்துவிட்டால் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைக்காமல் ஊர் விடாது. முகாமின் சமையல்காரர்தான் அதை வைத்தார்.

"மேடம், இந்த வருஷமும் வெள்ளியா?"

"ஆமாய்யா."

"ஒவ்வொரு வருஷமும் வெள்ளியாவே வருதே. பேசாம வெள்ளிக்கிழமைன்னு பேர் வெச்சிடலாம்."

மேஜர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததுதான் தப்பு. மறுநாளே முகாம் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது. வாசலில் காவல் நிற்பவர்கள், "வெள்ளிக்கிழமை உள்ள வருது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். வீட்டில் அம்மாவுக்குத்தான் வருத்தம். பிறந்ததிலிருந்து மகளை அவர் "தங்கம்" என்றுதான் கூப்பிடுவார். மூன்றாவது வெள்ளி வந்ததும் நிறுத்திவிட்டார். "குத்திக்காட்டற மாதிரி இருக்கு" என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம். அதன்பிறகு மகளுக்குப் பெயர் "ஏய்".

வாள்வீச்சுக்கு மேஜர் வந்து சேர்ந்ததற்கும் தையல்தான் காரணம். பள்ளிச் சீருடை தைத்து அம்மா வளர்த்த ஒரே பெண். பயிற்சி முகாமில் சேர்ந்த முதல் வாரம், கொடுத்த கால்சட்டை நாலு விரல் நீளமாக இருந்தது. இவர் உட்கார்ந்து தன்னுடையதை மடித்துத் தைத்தார். அதைப் பார்த்து இன்னும் ஆறு பெண்கள், "எனக்கும் கொஞ்சம்" என்று கொண்டுவந்து போட்டார்கள். ஏழு கால்சட்டையும் முடித்து எழுந்து விளையாட்டுப் பட்டியலில் பெயர் எழுதப் போனால், ஓட்டம், நீச்சல், கைப்பந்து எல்லாம் நிரம்பிப்போயிருந்தன. காலியாகக் கிடந்தது வாள்வீச்சு மட்டும்தான்.

பயிற்சியாளர் இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உயரம் எவ்வளவு?"

"அஞ்சடி ஒண்ணு, சார்."

"மத்தவங்க கையே அவ்வளவு நீளம் இருக்கும். சரி, உனக்குப் பக்கத்துல இருக்கறது அவங்க கால்தான். காலைக் குத்து."

பதினேழு வருடம் மேஜர் அதைத்தான் செய்தார். இவர் ஆடிய ஆட்டத்தில் உச்சந்தலை முதல் கால்விரல் வரை எங்கு வேண்டுமானாலும் குத்தலாம். வாள்முனையில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அது எதன்மீது அழுந்தினாலும் மேசையில் இருக்கிற பெட்டியில் விளக்கு எரியும். குத்தியவருக்கு ஒரு புள்ளி. பதினைந்து புள்ளியை முதலில் தொடுபவர் ஜெயித்தவர். விளக்கு எரியாத இடம் ஒன்றே ஒன்றுதான். ஆட்டக்காரர்கள் நிற்கிற தரையில் உலோகத் தகடுகளைப் பரப்பி, அவற்றைப் பெட்டியோடு கம்பியால் இணைத்திருப்பார்கள். காலைக் குத்தப் போய் முனை தகட்டில் பட்டால் பெட்டி அதைக் கண்டுகொள்ளாது. காலைக் குத்துகிறவர்களுக்கு இந்தத் தகடு ரொம்ப முக்கியம்.

மேஜர் வாள்வீச்சு முகமூடியைக் கழற்றிவிட்டுச் செய்கிற வேலை பாலம் போடுவது. வெள்ளம் அடித்துக்கொண்டு போன இடத்தில் இரும்புச் சட்டங்களைக் கோத்து, ஒரே பகலில் லாரி போகிற பாலத்தை நிறுத்தும் படைப்பிரிவு. அதனால் எந்தப் புதுத் தரையில் கால் வைத்தாலும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பார். ஒரு தடவை யாரோ வீட்டுக் கல்யாணத்தில் மேடை ஏறி, மணமக்களுக்கு நடுவே நின்று டக் டக்கென்று குதித்துப் பார்த்தார். போட்டோக்காரர் அதையும் எடுத்துவிட்டார். அந்த ஆல்பம் இன்னும் இருக்கிறது.

முதல் இறுதிச்சுற்று அவருக்கு முப்பத்தொரு வயதில் வந்தது. அப்போது கேப்டன். பதினாலுக்குப் பதின்மூன்று என்று முன்னால் இருந்தார். எதிராளியின் காலைப் பார்த்துப் பாய்ந்தார். விளக்கு எரிந்தது. கூட்டம் எழுந்து கைதட்டியது. முதல் வரிசையில் இருந்த அம்மா கைப்பையை மேலே வீசிவிட்டார்.

கேப்டன் முகமூடியைக் கழற்றிவிட்டு நடுவரிடம் போய், "சார், தரையில பட்டது" என்றார்.

நடுவர் ஒன்றும் சொல்வதற்குள் விளக்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு ஸ்க்ரூடிரைவரோடு இருந்தார். ஊருக்குள் மிக்ஸி, ஃபேன் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவர். போட்டி நடக்கும்போது பெட்டியும் தகடும் அவர் பொறுப்பு.

"தரையில பட்டா எரியாது மேடம்" என்றார்.

"எரிஞ்சுதே."

"அப்ப கால்ல பட்டிருக்கு."

"குத்தினவ நான். எனக்குத் தெரியாதா? தகட்டுல பட்டா கைக்கு ஒரு அதிர்வு வரும். வந்துச்சு."

"உங்க கை தப்பா சொல்லியிருக்கும். என் விளக்கு பொய் சொல்லாது."

ஒருத்தி 'எனக்குப் புள்ளி வேண்டாம்' என்று சண்டை போடுகிறாள், ஒருவர் 'வாங்கிக்கொண்டுதான் ஆகவேண்டும்' என்று சண்டை போடுகிறார். நடுவர் அவர் காலத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. விளக்குக்காரர் ஒரு வாளை எடுத்துத் தகட்டில் நாலைந்து இடத்தில் அழுத்திக் காட்டினார். எரியவில்லை. கூட்டம் சிரித்தது. ஆனாலும் குத்தியவரே தரை என்று சொன்னால் புள்ளி கிடையாது என்பது வழக்கம். புள்ளியை எடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அடுத்த இரண்டு புள்ளியும் எதிராளிக்குப் போனது. முதல் வெள்ளி வந்தது.

"வாயை வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றார் அம்மா, வீசிய கைப்பையிலிருந்து சிதறிய ஊசி, நூல், பொத்தானையெல்லாம் பொறுக்கிக்கொண்டே. அன்று ஆரம்பித்த கேள்வி. பிறகு வருடத்துக்கு ஒரு நாற்பது தடவையாவது கேட்டிருப்பார்.

எட்டு நாள் கழித்து முகாமுக்கு ஒரு தபால் அட்டை வந்தது. கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. "கேப்டன் அவர்களுக்கு. மூன்றாம் தகட்டின் இடது ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பெயின்ட் சொட்டு காய்ந்திருக்கிறது. அதன்மேல் முனை அழுந்தினால் விளக்கு எரிகிறது. கடையைச் சாத்திவிட்டுத் தினமும் தேடினேன். உங்கள் வாள் தரையில்தான் பட்டிருக்கிறது. எனக்கு இன்றைக்குத்தான் பட்டது."

கேப்டன் அதை மூன்று தடவை படித்தார். தோற்ற ஆட்டத்துக்காக எட்டு நாள் தரையில் மண்டியிட்டுத் தேடிய ஆள் யாரென்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். விளக்குக்காரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு பழுதும் இல்லையே" என்றார்.

"தெரியும்" என்றார் கேப்டன்.

அடுத்த ஆண்டு பதிவு அலுவலகத்தில் கல்யாணம். அம்மா முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தார்.

"இந்த ஆளோட மெஷினாலதான தங்கம் போச்சு? இவரையா கட்டிக்கப் போறே?"

"மெஷினால போகலம்மா. என் வாயால போச்சு."

"அப்ப அந்த வாயும் இந்த மெஷினும் ஒரே வீட்டுல இருந்தா வெளங்கிடும்."

வெளங்கத்தான் செய்தது. மூவரும் ராணுவக் குடியிருப்பில் ஒரே வீட்டில் இருந்தார்கள். பிறகு ஒரு மகள் பிறந்து நாலு பேர் ஆனார்கள். மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பிறகும் மனைவியை "மேஜர்" என்றும் "நீங்க" என்றும்தான் கூப்பிட்டார். "மேஜர், உப்பு போட்டுட்டீங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். "ரெண்டும் வீட்டுல இருக்கா, ஆபீஸ்ல இருக்கான்னே தெரியலை" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். மாப்பிள்ளை ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். மனைவி ஆடுகிற ஆட்டத்துக்கு அவர் விளக்குப் பெட்டிக்குப் பின்னால் உட்கார மாட்டார். அன்றைக்கு வேறு ஆள் உட்காருவார். இவர் பார்வையாளர் வரிசையில் விரலைக் கடித்துக்கொண்டு இருப்பார்.

அந்தத் தபால் அட்டையிலிருந்த 'பட்டது' என்கிற சொல் மேஜரோடு முகாமுக்கும் போனது. அவர் படைப்பிரிவில் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். பாலம் போடும்போது யாராவது தப்புச் செய்தால், இடது கையைத் தூக்கி, "பட்டது" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் திட்டு கிடையாது, தண்டனை கிடையாது. எல்லோரும் சேர்ந்து சரிசெய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். மறைத்தால்தான் தொலைந்தார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பிரிவு மற்றப் பிரிவுகளைவிட அரை மணி முன்னால் பாலத்தை முடித்தது.

புதிதாக வந்த கர்னலுக்கு இது தெரியாது. ஒருநாள் அவர் பார்வையிட வந்திருந்தபோது, வேலையில் மூத்த சுபேதார் ஒரு இரும்பு முளையைத் தலைகீழாக அடித்துவிட்டார். பழக்கத்தில் விறைப்பாக நின்று, கையைத் தூக்கி, "பட்டது, சார்" என்றார்.

கர்னல் பதறிப்போனார். "எங்க பட்டது? டாக்டரைக் கூப்பிடுங்க. உட்காருய்யா நீ, நிக்காத."

"அடி படல சார். முளை."

"முளை எங்க பட்டது? தலையிலயா?"

"முளை எங்கயும் படல சார். எனக்குத்தான் பட்டது."

அதற்குள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்துவிட்டார்கள். சுபேதாரைப் படுக்கவைத்தே விட்டார்கள். கர்னல் உத்தரவாயிற்றே என்று அவரும் படுத்துக்கொண்டார். மேஜர் வந்து விஷயத்தைச் சொன்னதும் கர்னல் ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, "சரி, எனக்கும் பட்டது" என்றார்.

இப்படி நாள் நன்றாகவே ஓடியது. ஆனால் அந்தத் தங்கம் மட்டும் மேஜருக்கு உறுத்திக்கொண்டிருந்தது. வெளியே சொல்ல மாட்டார். எட்டு வருடத்தில் ஆறு வெள்ளி. ஒரு வருடம் பிரசவத்தில் போனது, ஒரு வருடம் வெள்ளத்தில் போனது. கிண்டலுக்கெல்லாம் சிரிப்பார். ஆனால் போட்டி நெருங்கினால் பல் தேய்க்கும்போதுகூட முன்னும் பின்னும் கால் நகர்ந்துகொண்டிருக்கும். நாற்பது வயது முடிந்தவர்கள் அந்தப் போட்டியில் பெயர் கொடுக்க முடியாது. முப்பத்தொன்பதாவது வயதில் பெயர் கொடுத்தபோது, இதுதான் கடைசி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மா மட்டும் வெள்ளைச் சட்டையில் விட்டுப்போன தையலையெல்லாம் போட்டுவிட்டு, "இந்தத் தடவை வாயைத் திறக்காம ஆடு" என்றார்.

இந்தத் தடவையும் இறுதிச்சுற்றுக்கு வந்துவிட்டார். எதிரில் ஒரு இளம் லெப்டினன்ட். இருபத்து நாலு வயது, ஆறடி உயரம், நீளமான கை, நீளமான கால். எல்லோரும் அவளைக் 'கொக்கு' என்பார்கள். அவளும் கையெழுத்துக்குப் பதில் கொக்குப் படம் போடுகிற ஆள்.

ஆட்டம் தொடங்க அரை மணி இருக்கும்போது ஒரு சிக்கல் வந்தது. பெட்டிக்கு வரவேண்டிய ஆளுக்குக் கண்வலி. இரண்டு கண்ணும் தக்காளி மாதிரி சிவந்து, நீர் ஊற்றிக்கொண்டு வந்து நின்றார். விளக்கைப் பார்க்க வேண்டியவரால் வாசலையே பார்க்க முடியவில்லை. பெட்டி தெரிந்த வேறு ஆள் அந்த ஊரில் மேஜரின் கணவர் ஒருவர்தான். அவர் முடியவே முடியாது என்றார். நடுவர் கொக்கைக் கேட்டார்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல சார்" என்றாள் கொக்கு. "அவர் மேடத்துக்குச் சாதகமா ஒரு விளக்கைப் போட்டார்னு வைங்க. மேடமே அவரை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க."

மேஜர், "அது சரிதான்" என்றார். விளக்குக்காரர் மறுபேச்சுப் பேசாமல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தகடுகளைச் சரிபார்க்கப் போனார்.

ஆட்டம் தொடங்கியது. கொக்கு தள்ளி நின்று குத்தினாள். மேஜர் குனிந்து புகுந்து குத்தினார். நான்குக்கு ஏழு, ஒன்பதுக்கு ஒன்பது, பன்னிரண்டுக்குப் பதினாலு. பின்னால் இருந்த மேஜர் இரண்டு புள்ளியை அடுத்தடுத்து எடுத்துச் சமப்படுத்தியபோது, ஆறு வயது மகள் நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டாள். பதினாலுக்குப் பதினாலு. அடுத்த புள்ளி யாருக்கோ அவருக்குத் தங்கம்.

மேஜர் இரண்டு அடி பின்வாங்கினார். கொக்கு முன்னால் வந்தாள். சட்டென்று மேஜர் கீழே சரிந்து கொக்கின் கால்விரலைப் பார்த்து நீட்டினார். விளக்கு எரிந்தது.

மேஜர் பக்கத்து விளக்கு. பாலம் போடும் பிரிவே மொத்தமாக வந்திருந்தது. சுபேதார் பக்கத்தில் இருந்த கர்னலைக் கட்டிக்கொண்டு, பிறகு யாரென்று பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். இத்தனை சத்தத்துக்கும் நடுவில் மேஜர் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"சார், எனக்குத் தெரியல" என்றார் நடுவரிடம்.

"என்ன தெரியல?"

"கால்ல பட்டுச்சா, தரையில பட்டுச்சான்னு. அவங்களும் காலை மிதிச்சாங்க, தகடு அதிர்ந்துச்சு. கைக்குப் பிடிபடல."

நடுவர் கொக்கைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியல சார். ரெண்டு சாக்ஸ் போட்டிருக்கேன். ஷூ வேற அரை சைஸ் பெரிசு. விரல் எங்க முடியுது, ஷூ எங்க முடியுதுன்னே எனக்குத் தெரியாது."

நடுவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி. தரையைப் பார்த்துடலாம். அந்த இடத்துல தகடு சரியா இருந்தா, பட்டது கால்தான். புள்ளி நிக்கும். தகட்டுல கோளாறு இருந்தா புள்ளி கிடையாது. திரும்ப ஆடணும்."

விளக்குக்காரர் வாளை எடுத்துக்கொண்டு முட்டி போட்டார். அந்த இடத்தைச் சுற்றி விரற்கடை விரற்கடையாக முனையை அழுத்திக்கொண்டே போனார். எரியவில்லை. மறுபடி திரும்பி வந்தார். எரியவில்லை. கால் மணி நேரம் ஆனது. கூட்டத்தில் பாதி டீ குடிக்கப் போய்த் திரும்பி வந்தது. கொக்கு ஷூவைக் கழற்றி, கால்விரலை எண்ணிப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். மேஜர் கணவரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். விளக்குக்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தகடு சரியாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார்.

முதல் வரிசையில், தகட்டின் ஓரமாகப் போட்டிருந்த தாழ்வான நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தார். உயரத்து ஜன்னல் வழியாக மாலை வெயில் சரிந்து தரையில் விழுந்திருந்தது. நின்றால் தெரியாது, குனிந்தாலும் தெரியாது. அவர் உட்கார்ந்திருந்த கோணத்திலிருந்து பார்த்தால் மட்டும், மாப்பிள்ளையின் முட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு என்னவோ மினுக்கியது. நாற்பது வருடம் தரையில் விழுந்த ஊசியைத் தேடிய கண்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையில் துடைத்தார். மடியில் வைத்துக்கொண்டார். பேத்தி அப்புறம் சொன்னதுபடி, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டும் இருந்தாராம். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எரிச்சலோடு, "மாப்பிள்ளை" என்றார்.

கூடமே திரும்பிப் பார்த்தது.

"அங்க என்ன பண்றீங்க? உங்க முட்டி இருந்துச்சே, அதுக்கு இடது பக்கம். இன்னும் இடது. அதான். என்னமோ ஒட்டியிருக்கு பாருங்க."

விளக்குக்காரர் குனிந்து தடவினார். செல்லோ டேப். காலையில் கம்பி நகராமல் இருக்க அவரே ஒட்டியபோது பிய்ந்து விழுந்த துண்டு. தகட்டோடு தகடாகக் கிடந்தது. அதன்மேல் முனையை அழுத்தினார். விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் எரிந்தது.

அவர் எழுந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். இடது கையைத் தூக்கினார். "பட்டது, மேஜர். என் டேப்தான்."

பாலம் போடும் பிரிவிலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பி கூரையில் முட்டியது. நடுவர் புள்ளியை எடுத்தார். எல்லோரும் மேஜரைத்தான் பார்த்தார்கள். மேஜர் கணவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எட்டு வருடமாக வாயை மூடு, வாயை மூடு என்று சொன்னவர் வாயாலேயே போயிற்றே என்று நினைத்தால் சிரிப்பு அடங்கவில்லை. கொக்குக்கும் தொற்றிக்கொண்டது. நடுவர் இருவருக்கும் தண்ணீர் குடிக்கச் சொல்லி இரண்டு நிமிடம் கொடுத்தார்.

"அம்மா, இப்ப சந்தோஷமா?" என்றார் மேஜர் அந்தப் பக்கம் பார்த்து.

"போய் ஆடுடி. பேசாத."

அவ்வளவு சிரித்த பிறகு மேஜரின் தோளில் இருந்த இறுக்கமெல்லாம் போய்விட்டது. திரும்ப நின்றார்கள். முதல் பாய்ச்சலில் இரண்டு விளக்கும் ஒன்றாக எரிந்தது. கடைசிப் புள்ளியில் அப்படி எரிந்தால் யாருக்கும் கிடையாது. மறுபடி நின்றார்கள்.

கொக்கின் கண் இப்போது தன் கால்மேலேயே இருந்தது. மேஜர் அதைப் பார்த்துவிட்டார். பதினேழு வருடமாகக் காலைக் குத்துகிறவர், கடைசியிலும் காலைத்தான் குத்துவார் என்று அவள் நினைப்பது தெரிந்தது. மேஜர் முன்னால் வந்து, குனிந்து, முனையைக் காலுக்கு இறக்கினார். கொக்கு காலைக் காப்பாற்றக் கையை இறக்கினாள். இறங்கி வந்த மணிக்கட்டில், கதவு தட்டுகிற மாதிரி, முனை போய் ஒரு தட்டுத் தட்டியது.

விளக்கு எரிந்தது. அது எரிவதற்கு முன்பே கொக்கு இடது கையைத் தூக்கிவிட்டாள்.

"பட்டது மேடம்" என்றாள். "இது சத்தியமா தரை இல்ல."

யாரும் உடனே கைதட்டவில்லை. பழகிப்போய் எல்லோரும் ஒரு தடவை விளக்குக்காரரைப் பார்த்தார்கள், ஒரு தடவை அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா, "என்னை ஏன் பார்க்கறீங்க? நான் ஒண்ணும் சொல்லல" என்றார். அதற்குப் பிறகுதான் கூடம் அதிர்ந்தது. சுபேதார் இந்தத் தடவை கர்னலைத் தெரிந்தேதான் கட்டிக்கொண்டார். கொக்கு மேஜரை இடுப்போடு தூக்கிவிட்டாள். மேஜரின் கால் தரையிலிருந்து ஒரு அடி மேலே ஆடிக்கொண்டிருந்தது.

கீழே இறக்கிவிட்டாள். பதக்கம் மேஜரின் கழுத்தில் ஏறியதும் அம்மா பக்கத்தில் வந்தார். பதக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். மகளின் கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார்.

"தங்கம், சட்டையைக் கழட்டிக் குடு. தையல் விட்டிருக்கு."

அவர் சொன்னது அவருக்கே தெரியவில்லை. மேஜருக்குத் தெரிந்தது. வெள்ளை மேல்சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியில் வைத்து மேஜர் கேட்டார். "ஏம்மா சொன்னே? வாயை வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்" என்றார் அம்மா. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். வண்டி குலுங்கியது, மூன்றாவது முயற்சியில் கோத்தார். "கீழ விழுந்த ஊசி கண்ணுல பட்டுடுச்சு. பார்த்துட்டு பார்க்காத மாதிரி எப்படி எழுந்து போறது? யார் கால்லயாவது ஏறித் தொலையும்."

முன்னால் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த விளக்குக்காரர் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தூக்கினார்.

"கையைக் கீழ போட்டு ஒழுங்கா ஓட்டுங்க மாப்பிள்ளை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கத்தரியும் கையுமாக ஜன்னல் முன்னால் நின்றார். தங்கப் பதக்கத்தின் நாடா ஏற்கெனவே கத்தரித்தாகிவிட்டது. இடது திரையில் வைத்துப் பார்த்தார், வலது திரையில் வைத்துப் பார்த்தார்.

"இங்க மூணு, அங்க மூணு. சரியா இருந்துச்சு. இதை எதுல வெச்சாலும் ஒரு பக்கம் இழுக்குமே."

பேத்தி பெரிய பிரச்சினைக்குத் தீர்வு சொல்கிற குரலில், "அப்ப இன்னொண்ணு வேணும் பாட்டி" என்றாள்.

"இன்னொண்ணுக்கு எங்க போறது? உங்கம்மாவுக்குத்தான் வயசு தாண்டப் போகுதே."

மேஜர் பல் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். வாயில் நுரையோடு, "நாற்பதுக்கு மேல இருக்கறவங்களுக்குத் தனியா ஒரு போட்டி இருக்காம்" என்றார். "அடுத்த வருஷம்."

அம்மா திரும்பி மகளின் காலைப் பார்த்தார். அது முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது. பதக்கத்தை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார்.

"ஜோடி வரட்டும்" என்றார். "அதுவரைக்கும் தூங்கட்டும்."